கம்பித் துண்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

போன மாதம் கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி 12 மி.மீ விட்டமுள்ள கட்டுமானக் கம்பியை இழுவைச் சோதனைக்காகச் சாண் நீளத்துக்கு வெட்டிக் கொண்டுவந்தார். "கம்பி ஒண்ணுதானே சார், நீளத்துல என்ன இருக்கு?" என்று கேட்டார். கஞ்சிக்கோட்டில் எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவர்களில் பலரும் கேட்பதுதான்.

கம்பியை அறும்வரை இழுத்துப் பார்க்கும் மெஷினின் தாடைகள் இரு முனையையும் கவ்வியது போக, நடுவில் கம்பி தாராளமாக நீள இடம் வேண்டும். அதனால்தான் 600 மி.மீ கேட்கிறோம். கட்டிங் வீலில் வெட்டுங்கள். கேஸ் வைத்து அறுத்தால் சூடு பட்ட முனையின் குணமே மாறிவிடும்.

சரி, நீட்சியை, அதாவது அறும்வரை கம்பி எத்தனை சதவீதம் நீள்கிறது என்பதை, எந்த நீளத்தில் அளப்பது? கட்டுமானக் கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786 சொல்வது குறுக்குப் பரப்பின் வர்க்கமூலத்தைப் போல் 5.65 மடங்கு, அதாவது விட்டத்தைப் போல் 5 மடங்கு. 12 மி.மீ கம்பிக்கு 60 மி.மீ. இதுதான் கேஜ் நீளம். கம்பி முதலில் எல்லா இடத்திலும் சீராக நீளும். அப்புறம் ஓரிடத்தில் மட்டும் கழுத்துபோல ஒடுங்கி, அங்கேயே அறும். எவ்வளவு நீளத்தில் அளந்தாலும் அந்தக் கழுத்தில் கிடைக்கும் நீட்சி ஏறக்குறைய அதேதான்.

ஒரு கணக்குக்கு, சீரான நீட்சி 8 சதவீதம், கழுத்தில் கூடுதலாக 4.8 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். 60 மி.மீ-இல் அளந்தால் 16 சதவீதம் வரும். எஃப்இ 500டி என்ற தரக் கம்பிக்குத் தேவையான குறைந்த அளவு அதுதான், கம்பி தேறிவிடும். அதையே 200 மி.மீ-இல் அளந்தால் 10.4 சதவீதம்தான். 30 மி.மீ-இல் அளந்தால் 24! கம்பி ஒன்றேதான். அதனால் சான்றிதழில் கேஜ் நீளம் எழுதாமல் நீட்சி மட்டும் இருந்தால் நான் அதை ஏற்பதில்லை. எந்த இடத்தில் அறும் என்று முன்கூட்டித் தெரியாததால், கம்பி முழுக்கச் சிறு இடைவெளியில் குறி போட்டுவிட்டுத்தான் இழுப்போம்.

அமுக்கிப் பார்க்கும் சோதனையிலும் நீளம் பேசும். மெஷின் தகட்டின் உராய்வு கான்கிரீட்டின் மேல், கீழ் முனைகளைப் பக்கவாட்டில் விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். துண்டு குட்டையாக இருந்தால் அந்தப் பிடி நடுப்பகுதி வரை எட்டி, பலத்தைக் கூட்டிக் காட்டும். உயரம் விட்டத்தைப் போல் இருமடங்குள்ள உருளை, 150 மி.மீ கனசதுரத்தின் பலத்தில் சுமார் 80 சதவீதம்தான் காட்டும். சித்தூர் பக்கம் ஒரு வீட்டுக்காரர் எம்25 (சதுர மி.மீ-க்கு 25 நியூட்டன் பலம்) கான்கிரீட்டில் உருளைச் சோதனை 20 காட்டியது என்று, ஒப்பந்தக்காரரிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். எம்25 என்பது கனசதுரக் கணக்கு, அதில் 80 சதவீதம் 20தான். அவருடைய தளத்தில் குறையில்லை.