ரோபோ பக்கத்தில் வேலை பார்ப்பவருக்குச் சட்டம் தரும் உரிமைகள்

புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை அடுக்க ரோபோ வந்தாலும் சரி, காரைக்குடிப் பக்கம் ஐடிஐ முடித்த பிள்ளை ஓரகடம் போய் வெல்டிங் ரோபோ லைனில் நின்றாலும் சரி, பொருந்துகிற சட்டம் ஒன்றுதான்: தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு, 2020. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது.

தொழிலாளி தெரிந்து வைத்திருக்க வேண்டியது 14-ஆம் பிரிவு. வேலையிடத்தின் பாதுகாப்பு விவரங்களை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமை அதில் இருக்கிறது. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாகப் பயந்தால் நிர்வாகத்திடம் சொல்லலாம், கையோடு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று நிர்வாகம் நினைத்தால், அதுவே விஷயத்தை ஆய்வாளருக்கு அனுப்பியாக வேண்டும். அவர் சொல்வதுதான் முடிவு. தமிழ்நாட்டில் இதற்கான துறை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

சரி, எதைக் கேட்பது? முதலில் நிறுத்தும் முறையைக் கேளுங்கள். கன்வேயரில் சிப்பம் சிக்கினால் ரோபோ கை அப்படியே நிற்கும். பார்ப்பதற்கு ஆஃப் ஆனது போல இருக்கும், ஆனால் அடுத்த சிப்பம் சென்சார் முன்னால் வரட்டும் என்று காத்திருக்கும். உள்ளே போய்ச் சிக்கியதை இழுத்துவிட்டால் அந்த நொடியே கை சுழலலாம். அதனால் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே போகிறவரே சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘நான் பார்த்துக்கிறேன், நீ எடுத்துட்டு வா’ என்று சூப்பர்வைசர் சொல்வதை நம்பிப் போகாதீர்கள். ரோபோவுக்கு அசைவைக் கற்றுக்கொடுக்க ஒருவர், அதைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கூண்டுக்குள் நிற்கிறாரா? தொழிற்சாலை ரோபோக்களின் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10218 என்ற சர்வதேசத் தரப்படி அப்போது வேகம் நொடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

கூண்டில்லாமல் ஆளோடு சேர்ந்து வேலை செய்கிற ‘கோபாட்’ ரோபோ, ஆள் மேல் பட்டால் நின்றுவிடும் என்பார்கள். அது பிடித்திருப்பது கூரான தகடு என்றால்?

நமக்கும் கடமை உண்டு. கதவைத் திறந்தால் ரோபோவை நிறுத்துகிற கூண்டுக் கதவுச் சுவிட்சில் காந்தம் ஒட்டி ஏமாற்றுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பாதுகாப்புச் சாதனத்தில் வேண்டுமென்றே கைவைப்பதை 13-ஆம் பிரிவு தடுக்கிறது.

அடிபட்டால் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது உண்டு, காண்ட்ராக்டில் வருகிற லோடுமேனுக்கும் சேர்த்து. சேர்ந்த முதல் நாளே காயம் பட்டாலும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். சின்னக் காயம்தானே என்று விடாமல் அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் கை வீங்கிய பிறகு, வேலையில்தான் அடிபட்டது என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.