வாங்காத சொல்லுக்கும் விளம்பரம் ஓடும்

ஒருவர் ஒரு காலணி நிறுவனத்தின் பெயரைத் தேடுபொறியில் அடிக்கிறார். எதை வாங்குவது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர். மேலே தெரியும் விளம்பரத்தைத் தொட்டு, தளத்துக்குள் போய் வாங்கிவிடுகிறார். விளம்பரத்தைப் போட்டது அந்த நிறுவனம் அல்ல, கமிஷனுக்கு ஆள் அனுப்பும் ஒரு அஃபிலியேட். கடை வாசலுக்கு வந்துவிட்டவரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தரகு கேட்பது போலத்தான் இது.

இதற்கு இடம் கொடுப்பது கணக்கு வைக்கும் முறை. அஃபிலியேட் இணைப்பில் ஓர் அடையாள எண் இருக்கும். அதைத் தொட்டதும் உலாவியில் ஒரு குக்கி, அதாவது அனுப்பியவர் யார் என்று குறித்துவைக்கும் சின்னக் கோப்பு, பதியும். பெரும்பாலான திட்டங்களில் கமிஷன் கடைசிக் கிளிக்குக்கு. ஆகவே, நீளமாக ஆய்வு எழுதி வாசகரை அந்தக் காலணி பக்கம் திருப்பியவருக்கு ஒன்றும் கிடைக்காமல், கடைசி நொடியில் குறுக்கே நின்றவருக்குப் பணம் போய்விடலாம்.

நிறுவனத்துக்கு இழப்பு கமிஷனோடு நிற்பதில்லை. தேடல் விளம்பரம் ஏலத்தில் விற்கிறது. ஏலத்தொகையை, விளம்பரத்துக்குத் தேடுபொறி தரும் தர மதிப்போடு பெருக்கினால் வரும் எண்தான் தரவரிசை; எண் பெரிதானால் இடம் மேலே. கட்டணத்தைத் தீர்மானிப்பது அடுத்த இடத்தில் இருப்பவரின் தரவரிசை. எளிமைப்படுத்திய கணக்கில், நிறுவனத்தின் தரம் 8 என்று வையுங்கள். போட்டிக்கு யாருமில்லை என்றால் குறைந்தபட்சக் கட்டணம் போதும். தரம் 4 உள்ள அஃபிலியேட் 10 அலகு ஏலம் கேட்டால் அவர் தரவரிசை 40. அவரை முந்த நிறுவனம் ஒரு கிளிக்குக்கு 5 அலகுக்குக் (40-ஐ 8-ஆல் வகுத்தது) கொஞ்சம் மேலே கொடுத்தாக வேண்டும், தன் பெயருக்கே! அஃபிலியேட் நேராக நிறுவனத் தளத்துக்கே இணைப்புக் கொடுத்தால் இன்னும் மோசம். ஒரே தள முகவரிக்கு ஒரு தேடலில் ஒரு விளம்பரம்தான் என்று கூகுள் 2005-ல் விதி கொண்டுவந்தது. அதன்படி நிறுவனத்தின் சொந்த விளம்பரமே காணாமல் போகக்கூடும்.

இவ்வளவு செலவழித்துப் புதிதாக வந்த வாடிக்கையாளர் எத்தனை பேர்? இணையச் சந்தையான இபே நிறுவனத்தில் பொருளியலாளர்கள் பிளேக், நோஸ்கோ, தடேலிஸ் மூவரும் சோதித்தார்கள். 2012-ல் சில தேடுபொறிகளில் 'இபே' என்ற சொல்லுக்கான விளம்பரங்களை நிறுத்திப் பார்த்ததில், விட்டுப்போன கிளிக்குகளில் 99.5 சதவீதம் விளம்பரமில்லாத சாதாரண முடிவுகள் வழியாகவே வந்து சேர்ந்தன. மிகவும் பேர்போன பெயருக்கான முடிவு அது. சின்ன நிறுவனங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நிறுவனப் பெயரை ஏலம் எடுக்காதே என்று அஃபிலியேட் ஒப்பந்தங்கள் ஏன் கறாராகச் சொல்கின்றன என்பது இதிலிருந்து விளங்கும். அமேசான் ஒரு படி மேலே போய், தேடல் விளம்பரத்திலிருந்து நேராகத் தன் தளத்துக்கு அனுப்பப்படும் வரவுக்கு வட அமெரிக்காவில் 2009 மே முதல் கமிஷனையே நிறுத்திவிட்டது.

அஃபிலியேட்டுகள் பலர் இடறுவது இங்கேதான். கீவேர்டு என்பது விளம்பரம் தெரிவதற்காக ஏலம் கேட்கும் தேடல் சொல். "அந்தப் பெயரை நான் கீவேர்டாகப் போடவே இல்லையே" என்பார்கள். உண்மையாகவே இருக்கும், ஆனாலும் விதி மீறப்பட்டிருக்கும். 'ஓட்டக் காலணி' என்பதை விரிந்த பொருத்தம் (broad match) என்ற அமைப்பில் போட்டால், தொடர்புடையது என்று தேடுபொறி கருதும் எல்லாத் தேடலுக்கும் விளம்பரம் ஓடும், நிறுவனப் பெயர் உட்பட. ஏலம் கேட்காமல் இருப்பது வேறு, தடுப்பது வேறு. தடுக்க வேண்டுமென்றால் பெயரை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது விளம்பரம் ஓடக்கூடாத சொல்லாக, சேர்க்க வேண்டும். அது சாதாரணக் கீவேர்டு போல நெகிழாது: ஒருமையைப் போட்டால் பன்மை தப்பிவிடும். கூகுளில் எழுத்துப்பிழைகளைத் தானாகப் பிடிக்கத் தொடங்கியதே 2024-ல்தான். பெயரைச் சேர்த்தும் பிரித்தும், கூடவே 'கூப்பன்' ஒட்டியும் மக்கள் எப்படியெல்லாம் அடிப்பார்களோ அத்தனையையும் உட்கார்ந்து யோசிப்பதுதான் நல்லது.

வேண்டுமென்றே மீறுபவர்கள் நிறுவனத் தலைமையகம் இருக்கும் ஊரை விலக்கி, நள்ளிரவில் மட்டும் விளம்பரம் ஓட்டுவார்கள். அதனால் கண்காணிப்பு நிரல்கள் பல ஊர்களிலிருந்து பல நேரங்களில் தேடி, இணைப்பு எந்தெந்தத் தளம் வழியாகத் தாவிப் போகிறது என்று பின்தொடர்ந்து அடையாள எண்ணைப் பிடிக்கின்றன. பிடிபட்டால் கமிஷன் ரத்து, பல நேரம் திட்டத்திலிருந்தே நீக்கம். தெரியாமல் மீறியவரும் இந்த வலையில் விழுவார். எந்தத் தேடல்களுக்கு விளம்பரம் ஓடியது என்று காட்டும், விளம்பரக் கணக்கிலுள்ள தேடல் சொல் அறிக்கையைப் பார்ப்பது உதவும். ஆனால் குறைவாகத் தேடப்படும் சொற்களை கூகுள் 2020 முதல் அதில் பெருமளவு காட்டுவதில்லை. அறிக்கையில் பெயர் இல்லை என்பதை வைத்து நெகட்டிவ் பட்டியலைத் தள்ளிப்போட முடியாது.