‘மின்னூக்கி’யில் வினை எங்கே?

சேலத்தில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கப் பதாகையில் மறுபடியும் அதே சொல்: ‘மின்னூக்கி’. மின்முனையில் நடக்கும் வேதிவினையை வேகப்படுத்தும் பொருளான எலக்ட்ரோகேட்டலிஸ்ட்டுக்காம். நாளிதழில் பார்த்தாயிற்று, மேடையில் கேட்டாயிற்று. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு பொருள் தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையை வேகப்படுத்துவதுதான் கேட்டலிசிஸ். அந்தச் சொல்லை 1835-இல் வேதியியலுக்குக் கொண்டுவந்தவர் சுவீடனின் பெர்சீலியஸ். கிரேக்க மூலத்துக்குத் தளர்த்துதல், அவிழ்த்தல் என்று பொருள். நாம் ‘ஊக்கு’ என்ற வேரை எடுத்துக்கொண்டு வினையூக்கி என்றோம். வினைவேக மாற்றியும் பாடநூலில் உண்டு. சரி, இரண்டிலும் ‘வினை’ இருக்கிறது.

மின்னூக்கியில் அது காணாமல் போய்விட்டது. இந்தச் சொல்லைக் கேட்கிறவர் என்ன நினைப்பார்? மின்சாரத்தைக் கூட்டித் தரும் கருவி, வீட்டு ஸ்டெபிலைசருக்கு அண்ணன் என்றுதான் நினைப்பார். உண்மையில் அந்தப் பொருள் மின்சாரத்தை ஊக்குவதே இல்லை. மின்முனையின் பரப்பில் எலக்ட்ரான் கைமாறி நடக்கும் வினைக்கு உள்ள தடையைக் குறைக்கிறது, அவ்வளவுதான். நீரைப் பிரிக்கும்போது ஒரே மின்னழுத்தத்தில் பாதரச முனையைவிடப் பிளாட்டின முனையில் ஹைட்ரஜன் பல கோடி மடங்கு வேகமாக வரும். கொடுத்த மின்னழுத்தம் அதேதான், மாறியது பரப்பு.

‘மின்சாரத்தால் வினை ஊக்கம் பெறுகிறது, அதனால் மின்னூக்கி’ என்று ஒரு வாதம் கேட்டேன். இது இன்னும் மோசம். சேர்வராயன் மலை பாக்சைட் தாதுவிலிருந்து மேட்டூரில் அலுமினியம் எடுத்தார்களே, அங்கே வினையை நடத்தியது மின்சாரம். இந்த வாதப்படி அங்கிருந்த கரி மின்முனையும் மின்னூக்கி ஆகிவிடும். அதுவோ வினையில் தானும் கலந்து தேய்ந்து தீரும். தேய்ந்து தீர்வதை வினையூக்கி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மின்சாரம் வினையை நடத்துவது வேறு, ஒரு பொருள் வினையின் பாதையை எளிதாக்குவது வேறு. மின்னூக்கி இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது.

இதே பொருளை ‘மின்கிரியா ஊக்கி’ என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வினை என்று நம்மிடமே இருக்கும்போது கிரியா எதற்கு? ஆனாலும் மின்னூக்கியைவிட இவர்கள் தேவலை, பொருளையாவது விடவில்லை. ‘மின்வேகமாற்றி’ என்று சுருக்கியவர்களைப் பற்றி என்ன சொல்ல! அது மின்விசிறி ரெகுலேட்டர்.

எனக்கு உகந்தது மின்வினையூக்கி. மின் + வினையூக்கி என்று பிரித்தாலும், மின்வினை + ஊக்கி என்று பிரித்தாலும் பொருள் சரியாகவே வரும். இரண்டெழுத்து மிச்சப்படுத்த ஆசைப்பட்டு இதை வெட்டக் கூடாது.

வெட்டுகிற இந்தக் கை மற்ற சொற்களையும் விடுவதில்லை. நீரைப் பிரிக்கக் கோட்பாட்டின்படி 25 டிகிரி செல்சியசில் 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் அதற்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதல்தான் மிகைமின்னழுத்தம், நல்ல வினையூக்கி அதைக் குறைக்கும். இதையே ‘உயர் மின்னழுத்தம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சமாசாரத்துக்கு, மண்டை ஓடு படம் போட்ட மின்கம்பப் பலகையின் வாசகம்!