பிரசவ ரத்தப்போக்கும் கோடு போட்ட ஒரு பையும்

குழந்தை பிறந்து, அழுகுரலும் கேட்டுவிட்டால் அறையில் இருக்கும் எல்லோருக்கும் மூச்சு வந்துவிடும். தாய்க்கோ மிக ஆபத்தான நேரம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி லிட்டர் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்து விழுந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்தபடி நிற்கும். அவற்றை அடைப்பது கருப்பையின் தசைதான். தசைநார்கள் கூடை முடைந்ததுபோலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. குழாய்கள் அவற்றின் இடுக்குகள் வழியே வருகின்றன. தசை சுருங்கினால் ஒவ்வொரு குழாயும் சுருக்குப் போட்டதுபோல இறுகிவிடும். அடிவயிற்றில் கைவைத்தால் கருப்பை பந்துபோல் கெட்டியாகத் தட்டுப்படும். தொளதொளவென்று இருந்தால், உள்ளே குழாய்கள் இன்னும் மூடவில்லை என்று அர்த்தம்.

2023-ல் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் உலகில் சுமார் 2,60,000 பெண்கள் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஏழை நாடுகளிலும் கீழ்நடுத்தர வருமான நாடுகளிலும். காரணங்களில் முன்னால் நிற்பது ரத்தப்போக்கு. இத்தனைக்கும் மருந்துகள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. பிறகு ஏன் இறக்கிறார்கள்?

ரத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. கொஞ்சம் துணியில் ஊறுகிறது, கொஞ்சம் பனிக்குட நீரோடு கலக்கிறது, கொஞ்சம் தரையில் பரவுகிறது. கர்நாடகத்தின் பெலகாவியில் நடந்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணால் போடும் கணக்கையும் அளவு குறித்த பையில் பிடித்த கணக்கையும் ஒப்பிட்டது. கண் கணக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவாக வந்தது. போதாததற்கு இளம் உடம்பு கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ரத்தம் போய்க்கொண்டே இருந்தாலும் ரத்த அழுத்தம் சரியாகவே காட்டும், அப்புறம் திடீரென்று சரியும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவருக்கு அந்த அவகாசமும் கிடையாது.

சரி, அளந்துவிட்டால் போதுமா? போதாது. 13 ஐரோப்பிய நாடுகளில் சேகரிப்புப் பையை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. கடுமையான ரத்தப்போக்கு குறையவில்லை. அளவு தெரிந்தது, ஆனால் தெரிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது அதோடு கட்டப்படவில்லை. எனக்கு இந்தத் தோல்விதான் மிக முக்கியமான பாடமாகப் படுகிறது.

வழக்கமான சிகிச்சை படிப்படியாகப் போகும். ஒரு மருந்து, சற்றுக் காத்திருப்பு, கேட்கவில்லையென்றால் அடுத்தது. ரத்தம் காத்திருப்பதில்லை. டிரானெக்ஸாமிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் தானாக உண்டாக்கும் ரத்தக்கட்டி சீக்கிரமே கரைந்துவிடாமல் அது தடுக்கிறது. 1960-களில் ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் கண்டுபிடித்தது. 21 நாடுகளில் 20,000 தாய்மார்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. பிரசவமான 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் நேரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. தாமதமாகும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பலன் சுமார் 10% தேய்கிறது. அந்த முடிவைப் பார்க்க ஒகமோட்டோ இல்லை. முந்தைய ஆண்டுதான் காலமானார்.

ரத்தத்தை அளப்பது, தெரிந்ததும் தாமதிக்காமல் சிகிச்சை தருவது, இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியதுதான் 'இ-மோட்டிவ்' ஆய்வு. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகள், 2,10,132 சுகப்பிரசவங்கள். தாயின் இடுப்புக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் முனை புனல்போலக் குவிந்து கட்டிலின் விளிம்பில் பையாகத் தொங்கும். பையில் மில்லி லிட்டர் கோடுகள். பிரசவமான முதல் ஒரு மணி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நர்ஸ் பையைப் பார்ப்பார், கருப்பையைத் தொட்டுப் பார்ப்பார். 500-ஐத் தொட்டாலோ, 300-ஐத் தாண்டி வேறு ஏதாவது சரியில்லை என்றாலோ யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். கருப்பையைத் தேய்த்துவிடுவது, சுருங்க வைக்கும் மருந்து, டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப்ஸ், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்ற பரிசோதனை, தேவைப்பட்டால் மேல்சிகிச்சை என எல்லாம் ஒரே மூச்சில் நடக்க வேண்டும்.

ஒரே நர்ஸ் ஒரு தாய்க்குப் புதுமுறையும் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குப் பழைய முறையும் பார்க்க முடியாது. அதனால் ஆட்களை அல்ல, மருத்துவமனைகளைத்தான் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பழைய முறை மருத்துவமனைகளிலும் விரிப்பு இருந்தது, ஆனால் கோடுகள் இல்லை. பழைய முறையில் பாதி ரத்தப்போக்குகள்தான் கண்டறியப்பட்டன, புதுமுறையில் 93%. கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை சிகிச்சை, சாவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 4.3% என்பது 1.6% ஆனது. பெருமளவும் கடுமையான ரத்தப்போக்கு குறைந்ததால் வந்த இறக்கம் இது. சாவைத் தனியாகப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2023-ல் இந்த முடிவு வெளியானது. 500 ஆகட்டும் என்று காத்திருக்காமல், 300 மில்லி லிட்டரிலேயே நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ மாறியிருந்தால் சிகிச்சையைத் தொடங்கிவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வழிகாட்டுதலைத் திருத்தியது.