எஸ்200, எல்110, சி25: ஒரு ராக்கெட்டின் பெயர்களைப் படிப்போம்

பெங்களூரு அல்சூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தரும்போது, ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக் கைப்பிடிக்கும் இடையே நூலைக் கட்டி, அதில் கோத்த ஸ்ட்ராவில் ஒரு பலூனை ஒட்டி ஓட விடுவேன். காற்று பின்னால் பீறிட, பலூன் முன்னால் பாயும். அதன்மேல் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை ஒட்டிவிட்டால் பாதி வழியிலேயே நின்றுவிடும். எடையோடு போராடுவதுதான் ராக்கெட்டின் வேலை என்று பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிடுகிறது.

இஸ்ரோவின் மிகப் பெரிய ராக்கெட்டான எல்.வி.எம்.3, 43.5 மீட்டர் உயரமும் 640 டன் எடையும் கொண்டது. தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குச் செல்லும் வழியில் முதலில் சேரும் நீள்வட்டப் பாதைக்கு அது ஏறத்தாழ 4 டன்னைக் கொண்டுசேர்க்கும். அதாவது, ஒரு கிலோ போய்ச்சேர 160 கிலோ புறப்பட வேண்டும். மீதியில் பெரும்பகுதி எரிபொருள்தான். "அந்த எரிபொருளையும் அதுதானே சுமக்கணும், சார்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். மிகச் சரியான கேள்வி. அதனால்தான் ராக்கெட்டை அடுக்குகளாகக் கட்டி, தீர்ந்துபோன அடுக்கை வழியிலேயே கழற்றிவிடுகிறார்கள்.

அடுக்குகளின் பெயரிலேயே அவற்றின் குணம் இருக்கிறது. எஸ் என்றால் திட எரிபொருள், எல் என்றால் திரவம், சி என்றால் கிரையோஜெனிக் எனப்படும் கடுங்குளிர் எரிபொருள். எண், அதில் நிரப்பும் எரிபொருள் ஏறக்குறைய எத்தனை டன் என்பதைக் குறிக்கும். இரு பக்கமும் நிற்கும் எஸ்200 பூஸ்டர்கள் மட்டுமே தரையிலிருந்து ராக்கெட்டைத் தூக்குகின்றன என்பது பலரும் அறியாத செய்தி. திட எரிபொருள் பெரும் விசையைத் தரும். ஆனால் பற்றவைத்தபின் மத்தாப்பைப் போல எரிந்து தீர வேண்டியதுதான், நடுவில் அணைக்க முடியாது. ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும்போது, நடுவிலுள்ள எல்110 அடுக்கின் இரண்டு விகாஸ் இன்ஜின்கள் வானத்திலேயே உயிர்பெறுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது உச்சியிலுள்ள சி25. மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் திரவமாக இருக்கும் ஹைட்ரஜனும், மைனஸ் 183 டிகிரியில் திரவமாக இருக்கும் ஆக்சிஜனும் அதற்குள் அருகருகே இருந்து, இன்ஜினுக்குள் கலந்ததும் ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பத்தில் எரிகின்றன. ஒவ்வொரு கிலோ எரிபொருளிலிருந்தும் மற்ற இரண்டு அடுக்குகளை விட அதிக வேகத்தைப் பெற்றுத்தருவது இதுதான். இதன் இன்ஜினைச் சோதித்த மகேந்திரகிரி, நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது.

இந்த ராக்கெட் ஒரே நாளில் முழு வடிவம் பெறவில்லை. 2014 டிசம்பர் 18 அன்று நடந்த சோதனையில் கிரையோஜெனிக் அடுக்கு வெறும் எடையாக மட்டுமே உடன் சென்றது. 2017 ஜூன் 5 அன்றுதான் மூன்று வகை எரிபொருளும் எரிந்தன. அப்போது ஜி.எஸ்.எல்.வி. மார்க் 3 என்று வழங்கிய அதே ராக்கெட்தான் 2019இல் சந்திரயான்-2ஐயும், எல்.வி.எம்.3 என்ற பெயரில் 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐயும் ஏந்திச் சென்றது. 2025 நவம்பரில் 4,410 கிலோ எடையுள்ள சி.எம்.எஸ்-03 செயற்கைக்கோளையும் சுமந்தது.

அடுத்து வரவிருப்பவை இரண்டு. எல்110க்குப் பதிலாக எஸ்.சி.120 என்ற அடுக்கைப் பொருத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். பெயரைப் படித்துப் பாருங்கள்: 'செமி', அதாவது அரை கிரையோஜெனிக், 120 டன். ஆக்சிஜன் மட்டும் கடுங்குளிரில் இருக்க, அதனுடன் சுத்திகரித்த மண்ணெண்ணெய் எரியும். தூக்கும் திறன் 4 டன்னிலிருந்து 5 டன் அளவுக்கு உயரும். மற்றொன்று, ககன்யான் திட்டத்துக்காக மனிதரை ஏற்றிச் செல்லத்தக்கதாக மாற்றப்படும் வடிவம். அதன் உச்சியில் சிறு திட எரிபொருள் மோட்டார்கள் இருக்கும்; கீழே ஏதேனும் பழுது ஏற்பட்டால், வீரர்கள் அமர்ந்திருக்கும் கலத்தை நொடிகளில் பிடுங்கித் தொலைவுக்கு இழுத்துச் செல்லும் அவை, ஆபத்து நிறைந்த தொடக்கக் கட்டம் தாண்டியதும் தேவை முடிந்த சுமையாகக் கழற்றி விடப்படும்.