இரைச்சலைத் துடைத்தால் நிறமும் கூடவே போகும்

அச்சுக்குப் போகும் படங்களைச் சரிசெய்து தருவது என் தொழில். திருத்தத்துக்கு வரும் ரா கோப்புகளோடு (கேமரா பதிந்த மூலத் தரவு அப்படியே உள்ள கோப்புகள்) இரண்டு புகார்கள் தவறாமல் வரும். ‘இருட்டில் எடுத்த படம், ஒரே புள்ளியும் பொட்டுமாக இருக்கிறது’ என்பது ஒன்று. ‘நிறத்தில் உயிரே இல்லை’ என்பது மற்றொன்று. இரண்டும் பெரும்பாலும் ஒரே படத்தைப் பற்றியவை. அந்தப் புள்ளிகளைத்தான் இரைச்சல் என்கிறோம். முதல் குறையைத் தீர்ப்பதற்காக மென்பொருளில் இரைச்சல் குறைக்கும் ஸ்லைடரை வலது கோடி வரை இழுத்திருப்பார்கள். இரண்டாவது குறை அங்கேதான் பிறந்திருக்கும். மென்பொருளில் நிறத்துக்கு ஒரு பலகம், இரைச்சலுக்கு வேறொரு பலகம் என்று பிரித்து வைத்திருப்பதால் அவற்றுக்குள் உறவே இல்லை என்று நம்பிவிடுகிறோம். கோப்புக்குள் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பே இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது: நான்கு பிக்சல்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். 24 மெகாபிக்சல் படத்தில் சிவப்பை உண்மையாக அளந்தவை 6 மெகாபிக்சல்தான். மீதி இடங்களுக்கான சிவப்பை அக்கம்பக்கத்தைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. ஒரு சிவப்புப் பிக்சல் தவறாக அளந்துவிட்டால், அதனிடம் கடன் வாங்கிய அண்டைப் பிக்சல்களும் அதே தவறைச் சுமக்கும். ஒற்றைப் புள்ளியாக இருந்த பிழை ஒரு சிறு நிறத் திட்டாகப் பரவுவது இப்படித்தான். ஒரே கோப்பை லைட்ரூம், டார்க்டேபிள் என்ற இரண்டு திருத்த மென்பொருள்களிலும் திறந்தால் இருட்டுப் பகுதிகள் வேறு வேறாகத் தெரிவதற்கு இந்த ஊகிக்கும் முறையும் ஒரு காரணம்.

பிழை எங்கிருந்து வருகிறது? கேமராவின் ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவைக் கூட்டியதால் என்பதே எல்லோரும் சொல்லும் பதில். பாவம், ஐஎஸ்ஓ அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை. ஒளி துகள் துகளாக வந்து விழுகிறது. அந்த வரவில் இயல்பாகவே ஏற்ற இறக்கம் உண்டு. ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 துகள்கள்தான் விழுந்தன என்றால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். இரைச்சலின் பெரும்பகுதி ஒளிப் பற்றாக்குறையிலிருந்து வருவது. குறைவாக வெளிச்சம் கொடுத்து எடுத்துவிட்டு மென்பொருளில் தூக்கிக்கொள்ளலாம் என்பவர்கள் அந்த 10 சதவீதத்தையும் சேர்த்தே தூக்குகிறார்கள்.

இங்கேதான் நிறம் உள்ளே வருகிறது. மஞ்சள் நிற இழை பல்பின் ஒளியில் நீலம் மிகக் குறைவு. அந்த ஒளியில் ஒரு வெள்ளைத்தாள் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்றால் ஒயிட் பேலன்ஸ் நீலத்தை இரண்டு, மூன்று மடங்கு பெருக்கியாக வேண்டும். குறைந்த ஒளி பெற்ற நீலத்தில்தான் இரைச்சலின் விகிதம் அதிகம். அதைத்தான் அதிகமாகப் பெருக்குகிறோம். கறுப்பு உடையிலும் தலைமுடியிலும் நீலமும் ஊதாவுமாகத் திட்டுகள் எழுவது இதனால்தான். இரைச்சல் ஸ்லைடரைத் தொடுவதற்கு முன்னால் ஒயிட் பேலன்ஸை முடித்துவிடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கும் இதுவே காரணம். பல மென்பொருள்கள் உள்ளே தங்களுக்கென்று ஒரு வரிசையை வைத்திருக்கின்றன. நீங்கள் எதை முதலில் நகர்த்தினாலும் கணக்கு மாறாது. ஆனால் எவ்வளவு போதும் என்று தீர்மானிப்பது உங்கள் கண். நிறம் இறுதியாகாத படத்தில் கண் தவறாகத்தான் தீர்மானிக்கும்.

இருட்டு ஊதாவாக மாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சற்று நுட்பமானது, ஆனால் தெரிந்துகொண்டால் பல படங்களின் மர்மம் விளங்கிவிடும். சென்சார் முழு இருளிலும் பூஜ்யத்தைத் தருவதில்லை. ஓர் அடிமட்ட எண்ணைத் தருகிறது. மென்பொருள் அதைக் கழிக்கிறது. கழித்தபின் இருட்டில் உள்ள நான்கு பிக்சல்களில் −4, 4, −4, 4 என்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி பூஜ்யம், அதாவது சரியான கறுப்பு. ஒளியில் எதிர்மறை எண் ஏது என்று −4 எல்லாவற்றையும் பூஜ்யமாக வெட்டிவிட்டால் 0, 4, 0, 4 ஆகிவிடும்; சராசரி 2. மூன்று நிறங்களுக்கும் இதே கதி. அடுத்து ஒயிட் பேலன்ஸ் சிவப்பை 2 மடங்கும் நீலத்தை 1.5 மடங்கும் பெருக்கினால் சிவப்பு 4, நீலம் 3, பச்சை மட்டும் 2. கறுப்பு இருந்த இடத்தில் ஊதா! சில கேமராக்கள் கோப்பை எழுதும்போதே இப்படி வெட்டிவிடுவதும் உண்டு. இதை எந்த இரைச்சல் ஸ்லைடராலும் நீக்க முடியாது, ஏனென்றால் மிச்சம் இருப்பது இரைச்சல் இல்லை, சாயம். நிழல் பகுதிக்கு மட்டும் தனியாக நிறத்தைச் சரிசெய்ய வேண்டும், அல்லது கறுப்புமட்டத்தைக் கொஞ்சம் இறக்கி அதை உண்மையான இருட்டிலேயே புதைத்துவிட வேண்டும். நான் பெரும்பாலும் புதைத்துவிடுவேன்.

இப்போது அந்த ஸ்லைடர்கள். ஒளிர்வு இரைச்சலை, அதாவது வெளிச்சத்தில் மட்டும் வேறுபடும் புள்ளிகளைக் குறைப்பது நுண்விவரத்தைத் தின்னும். அதை எல்லோரும் உடனே கவனித்துவிடுகிறார்கள், முகம் பிளாஸ்டிக்காகிவிடுகிறது. நிற இரைச்சலை, அதாவது நிறத் திட்டுகளைக் குறைப்பது ஓசையில்லாமல் கெடுக்கும். அது பக்கத்துப் பிக்சல்களின் நிறங்களைக் கலந்து சராசரி எடுக்கிறது. பின்னணிச் சுவரில் இது அற்புதமாக வேலை செய்யும். எல்லோரும் பார்ப்பதும் சுவரைத்தான். நீங்கள் உதட்டின் ஓரத்தைப் பாருங்கள். சிவப்பு கன்னத்துக்குள் கசிந்திருக்கும், உதடே கொஞ்சம் பழுப்பேறியிருக்கும். சட்டையில் ஓடும் மெல்லிய சிவப்பு இழை சாம்பலாகியிருக்கும். கண்ணின் பாவையைச் சுற்றியுள்ள பச்சையும் தேன்நிறமும் ஒன்றாகக் குழைந்திருக்கும். ரா கோப்புகளுக்கு லைட்ரூம் நிற இரைச்சல் குறைப்பைத் தானாகவே 25-இல் வைக்கிறது. போதிய வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கு அதுவே அதிகம். 70, 80 என்று போவதற்கு முன்னால் 100 சதவீத அளவில் வைத்து, படத்திலேயே மிகச் சிறிய, மிக அழுத்தமான நிறமுள்ள பொருளைத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் வெளிறியதைக் கண்டதும் அடுத்ததாகச் செறிவை, அதாவது நிறத்தின் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். செறிவைக் கூட்டினால் எஞ்சியிருக்கும் நிறத் திட்டுகளும் கூடவே எழும். மறுபடி ஸ்லைடர், மறுபடி செறிவு. இந்தச் செக்கைச் சுற்றிவிட்டு வந்த படங்களை நான் முதல்நிலைக்குத் திருப்பிவிட்டுத்தான் தொடங்குவேன்.

கேமராவின் திரையில் பார்த்த நிறம் கணினியில் ஏன் இல்லை என்பதற்கு விடை எளிது. திரையில் தெரிந்தது கேமரா தானே உருவாக்கிய ஜேபெக். மென்பொருள் தன் சொந்த புரொஃபைலை, அதாவது சென்சாரின் எண்களை எந்த நிறமாகக் காட்டுவது என்ற அட்டவணையைக் கொண்டு நிறத்தைப் புதிதாகக் கட்டுகிறது. இரைச்சலையும் செறிவையும் தொடுவதற்கு முன்னால் புரொஃபைலை மாற்றிப் பாருங்கள். பாதி மனக்குறை அங்கேயே தீரும். அடோபி உருவாக்கிய டிஎன்ஜி வகை புரொஃபைல்கள் பெரும்பாலும் இழை பல்பு ஒளி, பகலொளி ஆகிய இரண்டு ஒளிகளில் அளவிட்டுச் செய்யப்பட்டவை. இடைப்பட்ட ஒளிக்கு இரண்டையும் கலந்து கணக்கிடும். மலிவான எல்இடி விளக்குகளின் நிறமாலை இரண்டிலும் சேராது. அந்த வெளிச்சத்தில் எடுக்க நேர்ந்தால், 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அந்த ஒளிக்கென்றே புரொஃபைல் செய்துகொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவு கொண்டு இரைச்சலை நீக்கும் வசதிகள், டிஎக்ஸ்ஓ என்ற மென்பொருள் நிறுவனத்தின் டீப்பிரைம் 2020-இலும் லைட்ரூமைத் தயாரிக்கும் அடோபியின் வசதி 2023-இலும் வந்த பிறகு, என் வேலையைப் பாதியாகக் குறைத்திருக்கின்றன. பிக்சல்களை ஊகித்து நிரப்பும் கட்டத்திலேயே இரைச்சலையும் கையாள்வதால் நிறத் திட்டு பரவுவதற்கு முன்பே பிடிபடுகிறது. உதட்டின் சிவப்பு பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் தகவல் இல்லாத இடத்தில் அது பழகிய வடிவங்களைக் கொண்டு நிரப்பும். தொலைவில் உள்ள பெயர்ப்பலகை எழுத்துகள் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளாக மாறியதையும், மங்கலான முகத்தில் இல்லாத இமைமுடிகள் முளைத்ததையும் பார்த்திருக்கிறேன். சாட்சியமாகவோ மருத்துவப் பதிவாகவோ போகக்கூடிய படத்தில் இதைப் பயன்படுத்தாதீர்கள். மற்ற படங்களிலும் மூல ரா கோப்பை அழித்துவிடாதீர்கள்.

கடைசியாக அளவு. 24 மெகாபிக்சல் படத்தை 6 மெகாபிக்சலாகச் சுருக்கினால் நான்கு பிக்சல்கள் ஒன்றாகச் சேர்ந்து இரைச்சல் ஏறத்தாழப் பாதியாகிவிடும். உள்ளங்கை அளவில் அச்சிடப்போகும் படத்தை 300 சதவீதத்துக்குப் பெருக்கி வைத்துக்கொண்டு புள்ளிகளோடு போராடுவதில் பொருளில்லை. எந்த அளவில் அச்சாகுமோ அந்த அளவுக்குச் சுருக்கிப் பார்த்த பிறகே ஸ்லைடரைத் தொடுகிறேன். லேசான ஒளிர்வு இரைச்சலை விட்டும் வைக்கிறேன், குறிப்பாக வானம் பெரிதாக உள்ள படங்களில். முழுவதும் துடைத்துவிட்டால் நீலம் படிப்படியாக மங்கும் இடத்தில் அச்சில் பட்டைகள் தெரியத் தொடங்கும்.