5 மி.மீ. மீதி, ஆனால் பிடிப்பு மீதி உண்டா?

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி வாசகர் ஒருவரின் கேள்வி: பழைய ஸ்போர்ட்ஸ் டயர் நான்கு, 5 மி.மீ. பள்ளம் மீதி, புது விலையில் பாதிக்குத் தருகிறார்களாம். வாங்கலாமா?

முதலில் ஆழக் கணக்கு. தென்னாப்பிரிக்கச் சட்டத்துக்கு 1 மி.மீ. போதும். டர்பன் மழைக்குப் போதாது. 3 மி.மீ.க்குக் கீழே போனால் தண்ணீரை ஒதுக்கித்தள்ள டயர் திணறும். புதிதில் 8 மி.மீ. என்றால் பயன்படுவது 5. இந்த டயரில் அதில் மீதி 2. அதாவது ஐந்தில் இரண்டு பங்கு. பாதி விலையே அதிகம்.

அதைவிட முக்கியம் ரப்பர். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ரப்பர் பந்துகளைக் கீழே போடுங்கள். ஒன்று துள்ளும், மற்றது 'தொப்' என்று கிடக்கும். சாலையில் நன்றாகப் பிடிப்பது அந்தச் சோம்பேறிப் பந்தின் ரப்பர்தான்! தார்ச்சாலையின் கல்முனை ஒவ்வொன்றும் ரப்பரை அமுக்குகிறது. கல்லின் முன்பக்கம் அமுங்கிய ரப்பர், பின்பக்கம் உடனே நிமிர்ந்தால் கல்லை எதிர்த்திசையிலும் தள்ளும்; இரண்டு தள்ளலும் ஈடாகி வழுக்கிப் போகும். தாமதமாக நிமிர்ந்தால் கல்லின் முன்பக்கம் மட்டும் அழுத்தம் நிற்கும், அதுதான் பிடிப்பு. இழந்த ஆற்றல் வெப்பமாகிறது. ரப்பரின் சோம்பலைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ரப்பர் என்பது சிக்கலான நூல்கண்டு. கந்தகம் அங்கங்கே போட்ட முடிச்சு. தொழிற்சாலையோடு முடிச்சு நிற்பதில்லை. வெயிலும் ஆக்சிஜனும் வருடக்கணக்கில் போட்டுக்கொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் முடிச்சு விழும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு. முடிச்சு மிகுந்தால் ரப்பர் இறுகி, அமுங்க மறுக்கும்.

கடினத்தை அளக்கும் ஷோர் ஏ கருவியை நிழலில், பள்ளங்களுக்கு இடையே உள்ள ரப்பர் கட்டையின் நடுவில், ஐந்து இடத்தில் வையுங்கள். புதிதில் 60-65 சுற்றி இருப்பது 75 தாண்டினால் விட்டுவிடலாம். வெயிலில் கிடந்த டயர் மென்மையாகக் காட்டும். விற்பவர்களுக்கு அது தெரியும். பளபளப்பு எண்ணெய் வெடிப்பை மறைக்கும், சோப்பு போட்டுக் கழுவிய பிறகு பள்ளத்தின் அடியைப் பாருங்கள். தேய்மானக் கட்டை (தேய்மானத்தைக் காட்ட பள்ளத்தின் அடியில் இருக்கும் சிறு மேடு) வெட்டுப்பட்டிருந்தால் யாரோ பள்ளத்தைப் புதிதாகக் கீறியிருக்கிறார்கள்.

பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் தேடுங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்த டயர். சில சமயம் உட்புறச் சுவரில்தான் இருக்கும். வண்டிப் பூசையில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறோமே, அப்போதே இதையும் படித்துவிடலாம்; பழத்தைவிட எண் நம்பகமானது.

ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே கையை ஓட்டுங்கள். கருப்புத் தூள், சுற்றிலும் உரசிய வளையம் தெரிந்தால், காற்றில்லாமல் ஓட்டிய டயர், இலவசமாகவும் வேண்டாம். கம்பி தெரிந்தாலும், பக்கம் புடைத்தாலும் அதேதான்.

வெறுமனே இறுகிப்போனது மட்டும் என்றால் அதற்கும் ஆள் உண்டு: குஷேஷே என்கிற பழைய பி.எம்.டபிள்யூ காரில் ஸ்பின்னிங் போடுகிறவர்கள், அதாவது வண்டியை வட்டமாகச் சுழற்றி விளையாடுகிறவர்கள். பின்சக்கரம் வழுக்கத்தானே அவர்கள் காத்திருக்கிறார்கள்?